செதில் வெட்டிய பாம்புகள்

செய்யூர்ப் பக்கம் ஏகாம்பரத்தைப் பாம்பு பிடிக்கிறவர் என்றுதான் சொல்வார்கள். அவர் பிடித்தது கொஞ்ச காலம்தான். இளவயதில் கடலைக் கொல்லை ஒன்றில் கண்ணாடி விரியன் வலது கையில் கொத்தியது. உயிர் தப்பியது. ஆள்காட்டி விரலும் நடுவிரலும் அழுகி, எடுக்கவேண்டியதாயிற்று. அதற்குப் பிறகு பாம்பின் தலையை அழுத்திப் பிடிக்கும் வலு அந்தக் கைக்கு இல்லை. சங்கத்தில் அவருக்கு வேறு வேலை கொடுத்தார்கள். மற்றவர்கள் பிடித்துவந்த பாம்புகளைத் திரும்பக் கொண்டுபோய் விடும் வேலை. அதைத்தான் அவர் வாழ்நாளில் அதிகம் செய்தார்.

சங்கம் இருளர்களுடையது. சிறியது. கடற்கரைச் சாலையிலிருந்து உள்ளே தள்ளி ஓர் ஓட்டுக் கொட்டகை. தரை முழுக்க மணல். மணலில் பாதி புதைந்த மண்பானைகள், ஒவ்வொன்றின் வாயிலும் துணி கட்டியிருக்கும். ஒவ்வொன்றிலும் ஒரு பாம்பு. சில வாரங்கள் வைத்திருந்து விஷம் எடுப்பார்கள். விஷம் மருந்து செய்யப் போகும். பிறகு வயிற்றுச் செதிலில் சிறு கத்தரிக்கோலால் ஓரமாக ஒரு வெட்டு வெட்டிப் பாம்பை விட்டுவிடுவார்கள். விஷம் எடுத்த பாம்பு மறுபடி யார் கையிலாவது வந்தால் தெரிவதற்காக அந்தக் குறி. செதில் திரும்ப வளரும். வடு போகாது.

தோல் வியாபாரம் ஏகாம்பரத்தின் அப்பா காலத்தோடு, சட்டம் வந்து நின்றுபோயிருந்தது. விஷம்தான் மிச்சம். அதற்கும் ஆண்டுதோறும் அனுமதி வாங்கவேண்டும். இந்த ஆண்டு இத்தனை பாம்பு பிடிக்கலாம் என்று செங்கல்பட்டில் வனத்துறை அலுவலகத்திலிருந்து காகிதம் வரும். அந்தக் காகிதம் இல்லாமல் பாம்பைத் தொட்டால் குற்றம். குடியிருப்பில் அடுப்பு எரிவதும் எரியாததும் அந்தக் காகிதத்தில் இருந்தது.

கொட்டகைக்குக் கிழக்கே ஒரு சவுக்குத் தோப்பு. அண்ணன் தம்பிகளுக்குள் பாகத் தகராறு, வழக்கு மதுராந்தகத்தில் நடந்தது. அதனால் மரம் வெட்டாமல் பல வருஷமாகக் கிடந்தது. உள்ளே, புற்றுக்குப் பக்கத்தில், ஏழு செங்கல் நட்டு மஞ்சள் பூசியிருக்கும். அதுதான் கன்னியம்மா, அவர்கள் தெய்வம். விடவேண்டிய பாம்புகளை ஏகாம்பரம் அங்கேதான் கொண்டுபோவார். பையின் முடிச்சை அவிழ்த்து, "தாயே, உன்னுத எடுத்தோம், உன்னாண்டயே வுட்டுட்டோம்" என்பார். பாம்பு சருகுக்குள் போகும். அந்தத் தோப்புக்குள் யாரும் கடப்பாரை எடுத்துப்போவதில்லை. எலி வளைகூடத் தோண்டமாட்டார்கள். கன்னியம்மாளிடம் விட்டது அவளுடையது. வெளியாட்களிடம் இதைச் சொன்னதில்லை. மறைத்ததும் இல்லை. யாரும் கேட்கவில்லை.

தொண்ணூறுகளின் நடுவில் அலுவலகத்திலிருந்து வந்த காகிதத்தில் புதிதாக ஒரு விஷயம் இருந்தது. இப்படிப் பிடித்துக்கொண்டே போனால் பாம்பு குறைகிறதா இல்லையா என்று தெரியவேண்டும். இந்தப் பக்கத்தில் நல்ல பாம்பு மொத்தம் எவ்வளவு இருக்கிறது என்று ஒரு மதிப்பு வந்தால்தான் அடுத்த அனுமதி. சங்கத்துச் செயலாளர் திருவேங்கடம் அதைப் படித்துக் காட்டினார். அவர் செய்யூரில் உரக்கடை வைத்திருந்தவர்; எழுதப் படிக்க, அலுவலகம் போய்வர, சங்கத்துக்கு அவர்தான்.

காட்டில் கிடக்கிற பாம்பை எண்ணுவதா என்று எல்லோரும் சிரித்தார்கள்.

எண்ண வந்தவள் பிரதீபா. கல்பாக்கம் குடியிருப்புப் பெண். அப்பாவுக்கு அங்கே அணு ஆராய்ச்சியில் வேலை. அவள் சென்னையில் ஒரு கல்லூரியில் ஆராய்ச்சிப் பட்டத்துக்குப் படித்துக்கொண்டிருந்தாள். காலை பஸ்ஸில் வந்து இறங்குவாள். பொன்னி கொடுக்கும் கூழை முகம் சுளிக்காமல் குடிப்பாள். பொன்னி ஏகாம்பரத்தின் மனைவி. அவளுக்கு அந்தப் பெண்ணைப் பிடித்துப்போனது.

முதல் வாரமே பிரதீபா ஒரு மூட்டை கடலையை நடுவில் வைத்து எல்லோரையும் உட்காரச் சொன்னாள்.

"இதுல எத்தனை கடலை இருக்கு? கொட்டி எண்ணாம சொல்லணும்."

"மூட்டைக்காரன கேளு, சொல்லிட்டு போறான்" என்றார் காசிநாதன். பொன்னியின் தம்பி. சங்கத்தில் அவர்தான் நல்ல பிடிகாரர், வாயும் அவருக்குத்தான்.

அவள் ஒரு கை அள்ளினாள். தன் பையிலிருந்து நகப்பூச்சை எடுத்து ஒவ்வொரு கடலையிலும் சிவப்பாக ஒரு பொட்டு வைத்தாள். கடலைக்கும் கல்யாணம் வந்துவிட்டது, மாப்பிள்ளை யார் என்று காசிநாதன் கேட்டார். பொட்டு காய்ந்ததும் எல்லாவற்றையும் திரும்ப மூட்டைக்குள் போட்டு, வாயைக் கட்டி, இரண்டு ஆளை விட்டு நன்றாகக் குலுக்கச் சொன்னாள். பிறகு மறுபடி ஒரு கை அள்ளினாள். அதில் நூற்றுக்கு ஒன்று சிவப்பாக இருந்தால், முதலில் பொட்டு வைத்தது மொத்த மூட்டையில் நூற்றில் ஒரு பங்கு. பொட்டு வைத்தது எத்தனை என்று நமக்குத் தெரியும். அதை நூறால் பெருக்கினால் மூட்டை.

"பாம்பும் அப்படித்தான். குறி போட்டு விடறோம். மறுபடி பிடிக்கறோம். வர்றதுல எத்தனை குறி போட்டதுன்னு பார்க்கறோம். ஒண்ணே ஒண்ணுதான் முக்கியம். நல்லா கலந்திருக்கணும். சிவப்பெல்லாம் ஒரு மூலையில கிடந்தா கணக்கு பொய்."

ஏகாம்பரத்துக்கு நன்றாகவே புரிந்தது. அன்று சாயந்திரம் பொன்னிக்குப் புளியங்கொட்டை வைத்துச் செய்துகாட்டினார். குலுக்குவதை மட்டும் அவர் தன் வழியில் புரிந்துகொண்டார். கடலைக்குத் தானாகப் போகத் தெரியாது. அதனால் ஆள் வைத்துக் குலுக்கவேண்டும். பாம்பு அப்படியில்லை. எங்கே விட்டாலும் அது தானே போய்க் கலந்துவிடும்.

பிடித்த இடத்திலேயே விடவேண்டும் என்று பிரதீபா சொல்லியிருந்தாள். ஒவ்வொரு பையிலும் பிடித்த கொல்லையின் பெயர் எழுதிய துணிக்கிழிசல் தொங்கும்; பிரதீபா அதைப் படித்துச் சொல்லி அனுப்புவாள். ஏகாம்பரம் அப்படித்தான் தொடங்கினார். சில பாம்புகளை எடுத்த வரப்பிலேயே விட்டார். ஒரு கடலைக் கொல்லையில் பையை அவிழ்க்கக் குனிந்தபோது கொல்லைக்காரர் மண்வெட்டியோடு வந்து நின்றார்.

"இன்னா பண்ற?"

ஏகாம்பரம் சொன்னார்.

"புடிச்சினு போனத திருப்பி எங்கொல்லையிலயே வுட்றியா? எம்பொண்ணுங்க களை எடுக்கற எடம்யா இது. ஒன் வூட்ல வுடு."

கொல்லைக்காரர் சொன்னது நியாயம் என்றே அவருக்குத் தோன்றியது. வரப்பில் விட்டிருந்தவற்றையும் அந்த ஆள் மறுநாளே ஆள்வைத்து அடித்துப்போட்டதாகக் கேள்விப்பட்டார். அதற்குப் பிறகு எல்லாப் பைகளையும் தோப்புக்கே கொண்டுபோனார். யாரும் அடிக்கமாட்டார்கள். கன்னியம்மாளுக்கும் சேர்ந்துவிடும். இரண்டு வகையிலும் அதுவே சரி.

சாயந்திரம் பிரதீபா கேட்டாள்.

"விட்டாச்சா, அண்ணா?"

"வுட்டாச்சும்மா."

"எடுத்த இடத்துலயே?"

ஏகாம்பரம் தலையாட்டினார். முதல் தடவை ஆட்டியபோது கொஞ்சம் கூச்சமாக இருந்தது. அடுத்த தடவைகளில் அதுவும் இல்லை.

மழை முடிந்து, வயல்கள் காய்ந்ததும் இரண்டாவது பிடிப்பு தொடங்கியது. பிடிகாரர்கள் நாலு பக்கமும் போனார்கள். கொல்லை, ஏரிக்கரை, வரப்பு, பனங்காடு. தோப்பைத் தவிர. பைகள் வந்து இறங்கும். பிரதீபா ஒவ்வொரு பாம்பின் வயிற்றையும் திருப்பிப் பார்ப்பாள். காசிநாதன் தலையைப் பிடித்துக்கொள்ள, ஏகாம்பரம் வாலைப் பிடித்துக்கொள்வார்.

ஒன்றிலும் குறி இல்லை.

குடியிருப்பில் அதைக் கொண்டாடினார்கள். வருவதெல்லாம் புதுப் பாம்பு. எங்கே கை வைத்தாலும் இதுவரை பிடிபடாத பாம்பு.

"பாத்தியா மச்சான், பூமிக்கு கீழ பூரா பாம்புதான். நம்ம பேரப்புள்ளைங்க வரைக்கும் கவல இல்ல" என்றார் காசிநாதன்.

பிரதீபாவும் முதலில் சிரித்தாள். போகப்போகச் சிரிப்பு நின்றது. ஒரு நாள் கொட்டகை வாசலில் திருவேங்கடத்திடம் சொல்லிக்கொண்டிருந்தாள். குறி போட்டது ஒன்றுகூட வராவிட்டால் கணக்கே போடமுடியாது. பூஜ்யத்தால் வகுக்கமுடியாது. பாம்பு ஏராளமாக இருக்கிறது என்றும் சொல்லலாம். குறி போட்டதெல்லாம் செத்துப்போனது என்றும் சொல்லலாம். இரண்டுக்கும் கிடைப்பது ஒரே பூஜ்யம்.

"ஒண்ணே ஒண்ணு வந்தாக்கூடப் போதும் சார்."

பானைகளுக்குத் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்த ஏகாம்பரத்தின் காதில் அது விழுந்தது. சிவப்பெல்லாம் ஒரு மூலையில் கிடந்தால் என்று அவள் சொன்னது அப்போதுதான் அவருக்குள் இறங்கியது. பாம்பு தானே போகும் என்று நினைத்தார். போகவில்லை. தோப்பு முழுக்க எலி. தோண்டுகிறவன் இல்லை, அடிக்கிறவன் இல்லை. அது ஏன் போகவேண்டும்?

வீட்டுக்குப் போய்ப் பொன்னியிடம் மட்டும் சொன்னார். அவள் முறத்தைக் கீழே வைத்தாள்.

"சொன்னா இன்னா ஆவும்?"

"தோப்புல பூந்து தோண்டுவாங்க. கணக்குக்கு."

"சொல்லாட்டி?"

"இன்னும் நாள் கீது. ஒண்ணாவது வெளிய வராமயா பூடும்?"

பொன்னி முறத்தை மறுபடி எடுத்துக்கொண்டாள். மாசி மகத்தன்று மாமல்லபுரக் கடற்கரையில் கன்னியம்மா இறங்குவது அவள்மேல்தான்; சிறுமியாக இருந்த நாளிலிருந்து அப்படி. தோப்பைத் தோண்டச் சொல் என்று அவளும் சொல்லமாட்டாள், சொல்லாதே என்றும் சொல்லமாட்டாள்.

அந்தப் பருவம் முழுவதும் பைகள் வந்ததும் முதலில் ஓடிப்போய் நின்றது ஏகாம்பரம்தான். பிரதீபா திருப்புவதற்கு முன் அவரே திருப்பிவிடுவார். வெள்ளை வயிறு. ஒழுங்கான செதில். அடுத்தது. அதுவும் அப்படியே. பருவம் முடிந்தது.

பிரதீபா எழுதிக்கொடுத்ததில் இரண்டு காரணத்தையும் எழுதியிருந்தாள். இன்னும் ஒரு பருவம் பார்த்தால் தெரியும் என்றும் எழுதியிருந்தாள். அலுவலகம் இரண்டாவது காரணத்தை எடுத்துக்கொண்டது. விட்ட பாம்புகளில் ஒன்றுகூடத் திரும்பத் தென்படவில்லை; ஆகவே விஷம் எடுத்த பாம்புகள் பிழைப்பதில்லை என்று கருத இடமிருக்கிறது; ஆகவே மறு உத்தரவு வரும்வரை அனுமதி நிறுத்திவைக்கப்படுகிறது. திருவேங்கடம் கொட்டகையில் நின்று அதைப் படித்தார். காசிநாதன், அப்படியென்றால் விஷத்தை எடுத்தது போதாதென்று உயிரையும் நாம்தான் எடுத்தோமா என்று கேட்டார். காகிதத்தில் அப்படித்தான் போட்டிருக்கிறது என்றார் திருவேங்கடம்.

பானைகளில் மிச்சமிருந்த பாம்புகளை விட்டுவிடச் சொன்னார்கள். ஏகாம்பரம் அவற்றையும் தோப்புக்கே எடுத்துப்போனார்.

அதற்குப் பிறகுதான் அவர் கல்பாக்கம் போனார். குடியிருப்பு வாசலில் காவலாளி உள்ளே விடவில்லை. சொல்லியனுப்பி, பிரதீபா வெளியே வந்தாள். சாலையோர மதகுக்கட்டையில் இருவரும் உட்கார்ந்தார்கள். கொல்லைக்காரர், மண்வெட்டி, தோப்பு, ஏழு செங்கல் என்று ஏகாம்பரம் எல்லாவற்றையும் சொன்னார். அவள் இடையில் ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"எத்தனையை அங்க விட்டீங்க?"

"மொதல்ல வரப்புல வுட்டது போக, எல்லாத்தயும்."

அவள் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் அவருக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும். அந்தப் பழக்கத்தைத் தானும் கேட்டுத் தெரிந்துகொண்டிருக்கவேண்டும் என்றாள். தோப்புக்குள் போய்ப் பார்க்க அனுமதி கேட்டு எழுதுவதாகச் சொன்னாள். வயிற்றில் குறியோடு ஒன்றிரண்டு உயிரோடு இருப்பதைக் காட்டினாலே போதும்; செத்துப்போயின என்று யாரும் சொல்லமுடியாது.

"பதில் வர்ற வரைக்கும் நீங்க எதையும் தொடாதீங்க, அண்ணா. இப்ப அனுமதி கிடையாது. புரியுதா?"

ஏகாம்பரம் தலையாட்டினார்.

அவள் எழுதினாள். மறுபடியும் எழுதினாள். பதில் வரவில்லை. குடியிருப்பில் ஆட்கள் ஒவ்வொருவராக அரிசி ஆலைக்கும் செங்கல் சூளைக்கும் முன்பணம் வாங்கிக்கொண்டு போனார்கள். போனவர்கள் நினைத்தபோது திரும்பமுடியாத இடங்கள் அவை.

மாசி மகத்துக்கு எஞ்சியவர்கள் மாமல்லபுரம் போனார்கள். மணலில் புடவைகளைக் கட்டி மறைத்து இரவைக் கழித்தார்கள். விடியலில் அலைக்கு அருகே மணலைக் குவித்து ஏழு படி கட்டி, பூவும் அரிசிமாவும் வைத்தார்கள். குளித்த ஈரத்தோடு நின்ற பொன்னியின்மேல் கன்னியம்மா இறங்கினாள். ஏகாம்பரம் முன்னால் போய் மண்டியிட்டார்.

"ஒண்ணே ஒண்ணு குடு தாயே. காட்டிட்டு கொண்டாந்து வுட்டுட்றேன்."

பொன்னிக்கு மேல்மூச்சு வாங்கியது.

"குடுத்த கை எது?"

ஏகாம்பரம் வலது கையை, மீதி விரல்களோடு, தூக்கிக் காட்டினார்.

"குடுத்தத கேக்குதா அது?"

அவ்வளவுதான். பொன்னி மணலில் சாய்ந்தாள். கேள்விதானே கேட்டாள், மாட்டேன் என்று சொல்லவில்லையே என்று காசிநாதன் வாதாடினார். ஏகாம்பரம் அதை மறுப்பு என்றே எடுத்துக்கொண்டார். தெளிந்தபிறகு பொன்னியிடம் கேட்டார். தனக்கு எதுவும் நினைவில்லை என்று அவள் சொன்னாள். எப்போதும் அப்படித்தான் சொல்வாள்.

மறுப்பு என்று தெரிந்தே அவர் தோப்புக்குப் போனார்.

காலை வெயில் சவுக்குகளுக்கிடையே இறங்கியிருந்தது. கடப்பாரை எடுத்துப்போகவில்லை. அது தேவைப்படவும் இல்லை. புற்றுக்குப் பக்கத்தில், செங்கற்களுக்கு எதிரே, ஒரு நல்ல பாம்பு வெயில் காய்ந்துகொண்டிருந்தது. ஆளைக் கண்டு அவசரப்படவில்லை. இடது கையால் வாலைப் பிடித்துத் தூக்கினார். அது படம் எடுத்துத் திரும்பியது. கோலால் தலையைத் தரையில் அமர்த்தி, மூன்று விரலால் மெல்லத் திருப்பினார். செதிலில் வெட்டு. வடு சுத்தமாக ஆறியிருந்தது. பாம்பு கொழுத்திருந்தது.

பையில் கட்டும்போது, "கொண்டாந்து வுட்டுட்றேன்" என்று அதனிடமும் சொன்னார்.

பையை ஒயர் கூடையில் வைத்து, மேலே முருங்கைக்கீரையைப் பரப்பி, மதுராந்தகம் போய் அங்கிருந்து செங்கல்பட்டுக்கு பஸ் மாறினார். அலுவலகத்தில் அதிகாரி வரும்வரை பெஞ்சில் காத்திருந்தார். கூப்பிட்டதும் உள்ளே போய்ப் பையை மேசையின்மேல் வைத்தார்.

"என்ன அது?"

"நல்ல பாம்புங்க. குறி வெட்டினது. சாவலைங்க. வயித்த பாருங்க."

அறையில் இருந்தவர்கள் எழுந்து சுவரோரம் போனார்கள். அதிகாரி நாற்காலியைப் பின்னால் தள்ளிக்கொண்டார். பிறகு, எங்கே பிடித்தது, எப்போது பிடித்தது, யார் அனுமதி கொடுத்தது என்று வரிசையாகக் கேட்டார். ஏகாம்பரம் முதல் இரண்டுக்கும் பதில் சொன்னார். மூன்றாவதற்கு, காட்டுவதற்காகத்தான் கொண்டுவந்தேன் என்றார்.

அதிகாரி கெட்ட மனிதர் அல்ல. குரலை உயர்த்தவில்லை.

"யோவ், பிடிச்சா வீட்டுல வெச்சுக்கக் கூடாதா? என் மேசைக்கே கொண்டுவந்துட்ட. இத்தனை பேர் பாத்துட்டாங்க. நான் பாக்கலைன்னு எப்படி எழுதறது?"

"நீங்க பாக்கலைங்களே சார். வயித்த இன்னும் பாக்கலைங்களே."

யாரும் கிட்ட வரவில்லை. அவிழ்த்துக் காட்டுகிறேன் என்று ஏகாம்பரம் கையை நீட்டினார். தொடாதே என்றார்கள். சாட்சிப் பொருள் ஆகிவிட்டது. இனி அவர் தொட்டால் இன்னொரு குற்றம். ஓர் ஊழியர் நீளக் குச்சியால் பையைப் பெட்டிக்குள் தள்ளினார். பெட்டியைத் துணியால் சுற்றித் தைத்தார்கள். முடிச்சில் அரக்கை உருக்கி ஊற்றி முத்திரை வைத்தார்கள். மூச்சு விட ஓட்டை வேண்டும் என்று ஏகாம்பரம் இரண்டு தடவை சொன்னார். நீதிமன்றத்துக்குப் போகும்வரை பிரிக்கமுடியாது என்று பதில் வந்தது. எழுதிய காகிதத்தை வாசித்துக் காட்டிக் கைநாட்டு வாங்கினார்கள். உயிருள்ள நல்ல பாம்பு ஒன்று என்று அதில் இருந்தது. குறி பற்றி எதுவும் இல்லை.

திருவேங்கடம் ஜாமீனுக்கு நின்று வெளியே கொண்டுவந்தார். அந்தப் பாம்பு என்ன ஆயிற்று என்று அவராலும் விசாரித்துச் சொல்லமுடியவில்லை. வீட்டுக்கு வந்தபோது பொன்னி சோறு போட்டாள். சாப்பிட்டு முடிக்கும்வரை காத்திருந்து கேட்டாள்.

"அது எங்க?"

ஏகாம்பரம் கை கழுவ எழுந்துபோனார். அடுத்த மாசி மகத்துக்குப் பொன்னி கடற்கரைக்கு வரவில்லை. அதற்கடுத்ததற்கும் வரவில்லை. கன்னியம்மா வேறொருத்தியின்மேல் இறங்கினாள்.

ஏகாம்பரத்தின்மேல் போட்ட வழக்கு நடந்துகொண்டே இருந்தது. வாய்தாவுக்கு வாய்தா செங்கல்பட்டு போய் மரத்தடியில் உட்கார்ந்துவிட்டு வருவார். சங்கத்தைப் பூட்டினார்கள். பானைகளை ஆளுக்கொன்றாகத் தண்ணீர் வைக்க எடுத்துப்போனார்கள். பிரதீபா வடக்கே எங்கோ வேலை கிடைத்துப் போனாள். போகும்முன் வந்து பார்த்தாள்; பொன்னி கூழ் கொடுத்தாள். காசிநாதன் நாவலூரில் கட்டட வேலைக்குப் போனார். அங்கே வானம் முட்டக் கண்ணாடி வைத்துக் கட்டுகிறார்கள் என்றும், அஸ்திவாரம் தோண்டும்போது பாம்பு வந்தால் தன்னைத்தான் கூப்பிடுகிறார்கள் என்றும் வந்து சொல்வார். கூப்பிட்டு என்ன செய்யச் சொல்கிறார்கள் என்று ஏகாம்பரம் கேட்டதில்லை.

அவர் சவுக்கு வெட்டும் கூலிக்குப் போனார். கோடாலி பிடிக்க மூன்று விரல் போதுமானதாக இருந்தது.

இரண்டாயிரம் பிறந்து சில வருஷம் கழித்து மதுராந்தகத்து வழக்கு முடிந்தது. அண்ணன் தம்பிகள் தோப்பை விற்றார்கள். கடற்கரைச் சாலை அகலமாகிவிட்டதால் வாங்கியவர்கள் மனை போடுவதாக இருந்தார்கள். வெட்டும் வேலை இருளர்களுக்கே வந்தது. ஏகாம்பரம் முன்பணம் வாங்கியிருந்தது அந்த வேலையை எடுத்த ஒப்பந்தக்காரரிடம்தான்.

"நாம வெட்டாட்டி வேற ஆளு வெட்டப்போறான், மச்சான்" என்றார் காசிநாதன். அந்த வேலைக்காக அவரும் வந்திருந்தார்.

வெட்டுவதற்கு முன் பொன்னி போய் ஏழு செங்கல்லையும் பிடுங்கி, ஒரு புடவையில் சுற்றி, தலையில் வைத்து வீட்டுக்குக் கொண்டுவந்தாள். எங்கே நடுவது என்று தெரியவில்லை. அரிசிப் பானைக்குப் பின்னால் வைத்தாள்.

மரங்கள் சாய்ந்து, லாரியில் ஏறிப் போயின. அதுவரை ஒரு பாம்பும் வெளியே வரவில்லை. பிறகு வேரைப் பறிக்கப் பொக்லைன் வந்தது. அதன் கை புற்றை முதல் தடவை அள்ளியபோது பாம்புகள் வர ஆரம்பித்தன. மனைக்காரர்கள் முன்பே தடிகளோடு ஆள் நிறுத்தியிருந்தார்கள். பாம்பு இருக்கிறதென்று தெரிந்தால் மனை விலைபோகாது.

ஏகாம்பரம் குறுக்கே ஓடினார். அடிக்கவேண்டாம், வழி விட்டால் அவை தானாகப் போய்விடும் என்று கத்தினார். பொக்லைன் ஓட்டுநர் நல்ல மனதோடு இயந்திரத்தை நிறுத்தினார். தடி ஆட்களும் விலகி நின்றார்கள். கடலைக் கொல்லைப் பக்கம், ஏரிப் பக்கம், எல்லாப் பக்கமும் திறந்து கிடந்தது.

பாம்புகள் போகவில்லை. கொஞ்ச தூரம் ஊர்ந்து, வெட்டவெளியைக் கண்டு நின்று, திரும்பின. கிளறிப்போட்ட வேர்களுக்கடியில், புற்று இருந்த குழிக்குள், மறுபடி மறுபடி புகப் பார்த்தன. ஏகாம்பரம் கோலால் அவற்றை வெளியே தள்ளினார். போ, போ என்றார். தள்ளியதும் அவை வளைந்து அதே இடத்துக்கு வந்தன.

"இன்னா அண்ணாத்த, நீயும் பாத்துகினுதான கீற? போவலையே" என்றான் தடி ஆட்களில் ஒருவன். இயந்திரம் மறுபடி உறுமியது.

சாயந்திரம் செத்தவற்றைச் சாலையோரம் வரிசையாகப் போட்டு, எரிக்க மண்ணெண்ணெய் கொண்டுவரப் போனார்கள். ஏகாம்பரம் வரிசையின் ஒரு முனையில் குந்தினார். முதல் பாம்பை வலது கையால் மல்லாத்தினார். செதிலில் வெட்டு. அடுத்ததிலும் வெட்டு. அடுத்தது மெலிந்த குட்டி, குறியில்லை. தோப்பிலேயே பொரிந்ததாக இருக்கும். அடுத்ததில் வெட்டு. சிலவற்றில் தடி விழுந்து வயிறு நசுங்கியிருந்தது. அவற்றையும் ரத்தத்தைத் துடைத்துவிட்டுப் பார்த்தார்.

காசிநாதன் பின்னால் வந்து நின்றார்.

"எத்தன மச்சான் கீது, நம்மளுது?"

மண்ணெண்ணெய்க்காரர்கள் தூரத்தில் வந்துகொண்டிருந்தார்கள். ஏகாம்பரம் பார்த்து முடித்த ஒவ்வொன்றையும் திரும்பக் குப்புறப் போட்டுவிட்டு அடுத்ததற்கு நகர்ந்தார்.